மெமென்டோ மோரி: 'சாவு'ங்கிற வெர்ப் ஏன் பேசிவ் வேஷம் போட்டுட்டு நிக்குது?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு முதல்ல பாத்துடுவோம். கையில 'மெமென்டோ மோரி'ன்னு, அதாவது 'சாவை மறக்காதே'ங்கிற லத்தீன் வாசகத்தை, டாட்டூ குத்திக்கப் போறீங்க, அதுல 'மோரி'ங்கிறது பேசிவ் இன்ஃபினிட்டிவ் ('செய்ய', 'போக' மாதிரியான ரூபம்), செயப்பாட்டு வினைன்னு யாரோ சொல்லி பயமுறுத்திட்டாங்க, அப்போ 'நீ கொல்லப்படுவாய்னு நினைவு வை'ன்னு அர்த்தம் வருமோன்னு சந்தேகம். கூடவே டிக்ஷனரில பாத்தா மத்த வெர்புக்கெல்லாம் நாலு ரூபம் போட்டிருக்கான், இதுக்கு மட்டும் மூணு, நாலாவது எங்க போச்சு, இதை எப்படி கான்ஜுகேட் பண்றது, அதாவது ஆளுக்கும் காலத்துக்கும் தகுந்த மாதிரி மாத்துறதுன்னும் கேட்டிருக்கீங்க. ரெண்டு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான். உருவம் ஒண்ணு சொல்லுது, அர்த்தம் வேற சொல்லுது, எதை நம்புறது?

அர்த்தத்தை நம்புங்க. உங்களை பயமுறுத்தினவர் சொன்னதுல பாதி சரி, உருவம் பேசிவ்தான். ஆனா அர்த்தம் வெறும் 'சாகுறது'. கொல்றதுங்கிற வாசனையே அதுல கிடையாது. 'கொல்லப்படுறது'ன்னு சொல்லணும்னா லத்தீன்ல அதுக்கு நெகாரீ, ஒக்கீதீன்னு வேற சொல்லு இருக்கு. பேசிவ் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆக்டிவ் வேலை பாக்குற இந்த மாதிரி வெர்புகளுக்குத்தான் டெப்போனென்ட்னு பேரு. லத்தீன்ல அந்தச் சொல்லுக்கு 'கீழ வைக்கிற'ன்னு அர்த்தம். பேசிவ் அர்த்தத்தை இறக்கி வெச்சுட்ட வெர்ப்னு பிற்கால இலக்கண ஆசிரியர்கள் வெச்ச பேரு. பேர் வெச்ச விதமே கொஞ்சம் தப்புன்னு கடைசில சொல்றேன்.

நான் லத்தீன் படிச்சது குருமடத்துல. குருவானவராகல, வெளிய வந்துட்டேன், ஆனா லத்தீன் ஒட்டிக்கிச்சு, இப்பவும் ஒண்ணு ரெண்டு பேருக்குச் சொல்லித் தர்றேன். அதனால இலக்கணத்துல நான் சொல்றதை தைரியமா எடுத்துக்கலாம், வரலாற்று மொழியியல் பக்கம் போனா நான் படிச்ச ஆளுதான், ஆராய்ச்சி பண்ணின ஆள் இல்ல. எங்களுக்குப் பாடம் எடுத்த வயசான சாமியார் முதல் வாரமே கேட்டாரு, பாவ அறிக்கை ஜெபம் லத்தீன்ல 'கோன்ஃபிதெயொர்'னு ஆரம்பிக்குதே, அந்த ஒர் என்ன ஒர்னு. நான் அன்னிக்குத்தான் பேசிவ் முடிஞ்ச ஜோர்ல இருந்தேன், அதுல 'நான்'ங்கிறதுக்கு விகுதி ஒர்தான், எழுந்து 'நான் அறிக்கை இடப்படுகிறேன்'னேன். சாமியார் சிரிக்கல. 'அப்போ உன் பாவத்தை யாருப்பா சொல்றா, பக்கத்து பெஞ்சா?'ன்னாரு. வகுப்பு சிரிச்சது. டெப்போனென்ட்னா என்னன்னு அதுக்கப்புறம் எனக்கு மறக்கவே இல்ல.

தமிழ் பேசுறவங்களுக்கு இது உண்மையில அவ்வளவு அந்நியமான விஷயம் இல்லன்னு நான் நினைக்கிறேன். நம்ம செயப்பாட்டு வினைக்கு அடையாளம் என்ன? 'படு'. அடிக்கப்பட்டான், கொல்லப்பட்டான், அழைக்கப்பட்டான். சரி, இப்போ கோபப்பட்டான், ஆசைப்பட்டான், பயப்பட்டான், ஆச்சரியப்பட்டான், அவஸ்தைப்பட்டான், இதுலயும் அதே 'படு'தான் இருக்கு, ஆனா 'அவன் யாராலோ ஆசைப்பட்டான்'னு யாராவது சொல்வோமா? ஆசைப்பட்டது அவனேதான். இப்போ லத்தீன் பக்கம் பாருங்க, கோபப்படுறதுக்கு ஈராஸ்கொர், சந்தோஷப்படுறதுக்கு லைத்தொர், பயப்படுறதுக்கு வெரெயொர், ஆச்சரியப்படுறதுக்கு மீரொர், அவஸ்தைப்படுறதுக்கு பத்தியொர். அத்தனையும் டெப்போனென்ட். நாம 'படு' போடுற இடத்துல அவன் ஒர் போட்டிருக்கான். முதல் தடவை இதை வரிசையா எழுதிப் பாத்தப்போ எனக்கு சந்தோஷம் தாங்கல. ஆனா ஒப்புமையை ரொம்ப இழுக்கக்கூடாது. 'அடிக்கப்பட்டான்'ல 'அடிக்க'ங்கிற வினையோட படு சேருது, 'ஆசைப்பட்டான்'ல ஆசைங்கிற பெயரோட சேருது, லத்தீன்ல அப்படி ரெண்டு கட்டுமானம் கிடையாது. பயப்படுறதுக்கே திமெயோன்னு சுத்தமான ஆக்டிவ் வெர்ப் ஒண்ணும் இருக்கு. போதாக்குறைக்கு சாகுறதுக்கு நாம பேச்சுல படு போடுறதே இல்ல. பாதை காட்டுற விளக்கா வெச்சுக்கோங்க, விதியா வெச்சுக்காதீங்க.

கான்ஜுகேஷனுக்கு வருவோம். உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை: 'மோரி'ன்னு நெடில்ல எல்லாரும் சொல்றோம், உண்மையில முதல் எழுத்து குறில், கடைசிதான் நெடில், 'மொரீ'. மோருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எ ஏ, ஒ ஓன்னு குறில் நெடில் பிரிச்சு எழுத நம்ம எழுத்துல வசதி இருக்கு, ரோமன் எழுத்துல எழுதினா தலைக்கு மேல கோடு போட்டாத்தான் தெரியும். இந்த வெர்புல அந்த வசதி நமக்கு எவ்வளவு உபயோகம்னு பாருங்க. டிக்ஷனரில இருக்கிற மூணு: மொரியொர் (நான் சாகுறேன்), மொரீ (சாக), மொர்த்துவுஸ் ஸும் (நான் செத்தேன்). மத்த வெர்புக்கு ஆக்டிவ் பெர்ஃபெக்ட் (முடிஞ்ச செயலைச் சொல்றது) தனியா மூணாவதாவும், அதுக்கப்புறம் பார்ட்டிசிபிளுக்கு ('செத்த' மாதிரி பெயரெச்ச ரூபம்) வழிகாட்டுறது நாலாவதாவும் வரும். டெப்போனென்டுக்கு ஆக்டிவ் பெர்ஃபெக்ட்னு ஒண்ணு இல்லவே இல்ல, பார்ட்டிசிபிளையே வெச்சு பெர்ஃபெக்ட் கட்டிக்கிறதால மூணே போதும். எதுவும் தொலைஞ்சு போகல.

பிரசென்ட்: மொரியொர், மொரெரிஸ், மொரித்துர், மொரிமுர், மொரிமினீ, மொரியுன்த்துர். அதாவது சாகுறேன், சாகுற, சாகுறான், சாகுறோம், சாகுறீங்க, சாகுறாங்க. ரெண்டாவதுல மட்டும் இகரம் எகரமா மாறியிருக்கு, மொரிரிஸ் இல்ல மொரெரிஸ். லத்தீன்ல ர-வுக்கு முன்னாடி குறில் இ பெரும்பாலும் எ ஆயிடும், அவ்வளவுதான். லத்தீன் வெர்புகளை நாலு கான்ஜுகேஷனா பிரிப்பாங்க, இது மூணாவதுல இகரம் ஒட்டின வகை, கபியோ (எடுக்கிறேன்)ங்கிற வெர்ப் படிச்சிருந்தீங்கன்னா அதோட பேசிவை அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். இம்பெர்ஃபெக்ட் ('செத்துக்கிட்டிருந்தேன்') சுலபம், மொரியேபர், மொரியேபாரிஸ், மொரியேபாத்துர்னு போய்க்கிட்டே இருக்கும். ஃபியூச்சர்ல மொரியர், மொரியேரிஸ், மொரியேத்துர், மொரியேமுர், மொரியேமினீ, மொரியென்த்துர். இங்கதான் பசங்க விழுவாங்க, மொரெரிஸ்னா 'சாகுற', மொரியேரிஸ்னா 'சாவ'. சப்ஜங்க்டிவ்ல ('சாவேனாக'ன்னு விருப்பம் மாதிரி சொல்றது) ஏகாரம் ஆகாரமாயிடும்: மொரியர், மொரியாரிஸ், மொரியாத்துர், மொரியாமுர். முதல் ஆளுக்கு மட்டும் ஃபியூச்சரும் சப்ஜங்க்டிவும் ஒண்ணேதான், 'மொரியர்'. அங்க பக்கத்து சொல்லைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். ரோமக் கவிஞர் ஹொராஸ் 'நோன் ஒம்னிஸ் மொரியர்'னு எழுதினாரு, நான் முழுசா சாக மாட்டேன்னு. அது 'சாகாமல் இருப்பேனாக'வா, 'சாக மாட்டேன்'ஆ? தொடர்ந்து வர்ற வெர்ப் 'வீத்தாபித்', தப்பிக்கும்னு நிச்சயமான ஃபியூச்சர், அதனால இதுவும் ஃபியூச்சர்தான்.

அந்த ஏ-ஆ வித்தியாசத்தை இன்னொரு ரோமக் கவிஞர் வெர்ஜில் எப்படி உபயோகப்படுத்துறாருன்னு ஒரு இடம் காட்டுறேன், இதைக் காட்டாம நான் யாருக்கும் இந்தப் பாடத்தை முடிச்சதில்ல. அவரோட காவியமான ஏனெயிட், நாலாம் புத்தகம், காதலன் ஏனெயாஸ் விட்டுட்டுப் போயிட்டான், கார்த்தேஜ் ராணி டீடோ சிதை மேல ஏறி, படுக்கைல முகத்தை அழுத்திக்கிட்டு சொல்றா: 'மொரியேமுர் இனுல்த்தை, ஸெத் மொரியாமுர்'. பழி வாங்கப்படாமலே சாவோம், ஆனாலும் சாவோம். தமிழ்ல ரெண்டுக்கும் 'சாவோம்'னே வந்துடுது, அதான் கஷ்டம். லத்தீன்ல முதல்ல ஏ, நடக்கப் போறதைப் பத்தின செய்தி. அடுத்து ஆ, இவ எடுக்குற முடிவு, 'செத்துப் போயிடலாம், சரி'. நடுவுல ஒரே ஒரு உயிரெழுத்துதான் மாறுது. மொழிபெயர்ப்புல இதைக் காப்பாத்தினவங்களை நான் இன்னும் பாக்கல. ('நாம்'னு சொல்றது கவிதைல வர்ற பன்மை, அவ தன்னைத்தான் சொல்றா, 'இனுல்த்தை' பெண்பால் பன்மையா இருக்கிறதைக் கவனிங்க.)

அதே புத்தகத்துல கொஞ்சம் முன்னாடி அவளே அவகிட்ட 'க்வீன் மொரெரெ, உத் மெரித்தா எஸ்'னு சொல்லிக்கிறா. உனக்குத் தகுந்த மாதிரி செத்துத் தொலையேன்னு அர்த்தம். 'மொரெரெ'யைப் பாத்தா சாதாரண ஆக்டிவ் இன்ஃபினிட்டிவ் மாதிரியே இருக்கு, கபெரெ மாதிரி. ஆனா இது கட்டளை, 'சாவு!'. டெப்போனென்டோட ஏவல் ரெ-ல முடியும். தேவாலயத்துல 'மிஸெரேரெ நோபிஸ்' கேட்டிருப்பீங்கன்னா, எங்கள் மேல் இரக்கமாயிரும்னு, அதுவும் இதே ரெ தான், மிஸெரெயொர்ங்கிற டெப்போனென்ட். ஆக உங்க வெர்புல இன்ஃபினிட்டிவ் பேசிவ் மாதிரி இருக்கும், ஏவல் ஆக்டிவ் இன்ஃபினிட்டிவ் மாதிரி இருக்கும். இன்னொரு விஷயம், 'மெரித்தா எஸ்'சும் டெப்போனென்ட்தான், மெரெயொர், தகுதியாகுறது. மெரித்தான்னு ஆகாரத்துல முடியுது பாருங்க, பேசுறது பெண்ணைப் பத்தி. அரை வரிக்குள்ள ரெண்டு டெப்போனென்ட்.

இந்தப் பால் விஷயம் பெர்ஃபெக்ட் டென்ஸ்ல எப்பவும் கூடவே வரும். அவன் செத்தான் மொர்த்துவுஸ் எஸ்த், அவ செத்தா மொர்த்துவா எஸ்த், அவங்க செத்தாங்க மொர்த்துவீ ஸுன்த். 'எஸ்த்'னா 'இருக்கு'ன்னு பிரசென்ட்தானேன்னு பசங்க 'செத்துக்கிட்டிருக்கான்'னு எழுதிடுவாங்க, தப்பு. ஆனா மொர்த்துவுஸ் எஸ்த்துக்கு 'செத்தான்'னும் அர்த்தம் வரும், 'பிணமா இருக்கான்'னும் வரும், ஏன்னா மொர்த்துவுஸ் தனி அட்ஜெக்டிவாவும் ஆயிடுச்சு. எது எதுன்னு சில வாக்கியத்துல கடைசி வரைக்கும் தீர்மானமா சொல்ல முடியாது. இந்த மொர்த்துவுஸ்ல இன்னொரு வினோதம், வழக்கப்படி அது 'மொர்த்துஸ்'னு இருந்திருக்கணும், நடுவுல ஒரு உகரம் எக்ஸ்ட்ராவா வந்து உக்காந்திருக்கு. எதிர்ச்சொல்லான வீவுஸ், உயிரோட இருக்கிற, அதோட சாயல்ல வந்ததுன்னு பொதுவா சொல்றாங்க. நம்பக்கூடிய விளக்கம்தான், நிரூபணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த உகரத்தை நீங்க தினமும் பேப்பர்ல பாக்குறீங்க, ஆஸ்பத்திரி மார்ச்சுவரில இருக்கிற 'சு' அதுதான். போஸ்ட்மார்ட்டம் இதோட பெயர்ச்சொல்லான மொர்ஸ்ல இருந்து வந்தது, மார்ட்கேஜ்ல இருக்கிற மார்ட்டும் செத்ததுதான், லோன் கட்டுறவங்களுக்கு விளக்கம் தேவையில்ல.

டெப்போனென்ட் எல்லா இடத்துலயும் பேசிவ் சட்டை போடாது, இதை முதல் வருஷப் புத்தகங்கள்ல போகிற போக்குல சொல்லிட்டுப் போயிடுறாங்க. பிரசென்ட் பார்ட்டிசிபிள் மொரியேன்ஸ், செத்துக்கிட்டிருக்கிற, ஆக்டிவ் உருவம். ஃபியூச்சர் பார்ட்டிசிபிள் மொரித்தூருஸ், சாகப் போற, அதுவும் ஆக்டிவ் உருவம். 'சாகப் போறவங்க உங்களை வணங்குறாங்க'ங்கிற பிரபலமான வசனம் இதோட பன்மைதான், 'மொரித்தூரீ தே ஸலூத்தன்த்'. சினிமாவைப் பாத்துட்டு கிளேடியேட்டர் எல்லாரும் தினமும் அரங்கத்துல இதைச் சொன்னாங்கன்னு நினைக்கிறோம், ஆனா அப்படி ஒரு வழக்கம் இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது. ரோம வரலாற்று ஆசிரியர் ஸ்வெட்டோனியுஸ் சொல்றது ஒரே ஒரு சம்பவம், கி.பி. 52-ல கிளாடியுஸ் பேரரசர் ஃபூக்கினுஸ் ஏரில நடத்தின பொய்க் கடற்போர், கப்பல்ல ஏத்தி விடப்பட்டவங்க சொன்னது. இன்னொரு வரலாற்று ஆசிரியர் டாஸிட்டஸ் கணக்குப்படி 19,000 பேர். அவங்க இப்படி சொன்னதும் கிளாடியுஸ் 'இல்லாமலும் போகலாம்'னு ஒரு ஜோக் அடிச்சாரு, ஃபியூச்சர் பார்ட்டிசிபிளைப் பிடிச்சுத் தொங்குற ஜோக். அதை மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டு யாரும் சண்டை போட மாட்டேன்னுட்டாங்க, கிழவர் தள்ளாடித் தள்ளாடி ஏரிக்கரையைச் சுத்தி ஓடி, மிரட்டியும் உற்சாகப்படுத்தியும் சண்டை போட வெச்சாராம்.

இன்ஃபினிட்டிவ்ல ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய ப்ளாட்டஸ் நாடகங்கள்ல 'மொரீரீ'ன்னு நீளமா ஒரு ரூபம் வரும், கவிஞர் ஓவிட் கூட ஒரு இடத்துல போட்டிருக்காரு. நாலாவது கான்ஜுகேஷன் மாதிரி சாய்ஞ்ச ரூபம், தப்பு இல்ல, பழசு. நீங்க டாட்டூவுல அதைப் போட வேண்டாம்.

இப்போ முழு வாக்கியம். 'மெமென்தோ'வும் லேசுப்பட்ட ஆள் இல்ல. அது மெமினீங்கிற வெர்போட ஏவல். அந்த வெர்ப் உருவத்துல பெர்ஃபெக்ட், அர்த்தத்துல பிரசென்ட், 'நினைவு வெச்சேன்' மாதிரி உருவம், 'நினைவு வெச்சிருக்கேன்'னு அர்த்தம். ஆக உங்க கையில வரப் போறது ரெண்டே சொல்லு, ரெண்டும் வேஷதாரி. நேரடியா எடுத்தா 'சாக மறந்துடாதே'ன்னு வருது, கேஸ் ஆஃப் பண்ண மறந்துடாதேங்கிற மாதிரி. வழக்கத்துல அதை 'நீ சாகப் போறவன்ங்கிறதை மறக்காதே'ன்னு எடுத்துக்கிறோம். சிசெரோ காலத்து ஆள் அதை எழுதியிருந்தா 'தே மொரித்தூரும் எஸ்ஸெ'ன்னு நீட்டி எழுதியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெற்றி ஊர்வலத்துல தளபதி காதுல அடிமை ஒருத்தன் 'மெமென்டோ மோரி'ன்னு கிசுகிசுத்தான்னு நெட் முழுக்க இருக்கே, அதுல ஒருத்தன் பின்னாடி நின்னு நினைவுபடுத்தினான்ங்கிறது தெர்த்துல்லியான்ங்கிற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் எழுத்துல இருக்கு, கி.பி. 197 வாக்குல. ஆனா அவர் தர்ற வார்த்தை 'பின்னாடி திரும்பிப் பாரு, நீ மனுஷன்ங்கிறதை நினைவு வை'. மோரிங்கிற சொல்லே அங்க கிடையாது. நம்ம ரெண்டு சொல்லு ஜோடி சேர்ந்து பிரபலமானது கிறிஸ்தவ ஐரோப்பால, ரோம தளபதிக்கும் அதுக்கும் முடிச்சுப் போட்டது பின்னாடி வந்தவங்க. அதனால டாட்டூவைக் காட்டி 'ரோமன் தளபதிக்கு சொன்னது'ன்னு மட்டும் பந்தா விடாதீங்க, என்னை மாதிரி ஒருத்தன் எங்கயாவது இருப்பான்.

நிஜமா பழைய வாசகம் வேணும்னா, கிறிஸ்தவங்க தவக்காலத்தைத் தொடங்குற சாம்பல் புதன் வாசகம் இருக்கு. நெத்தில சாம்பல் பூசும்போது லத்தீன்ல சொல்றது, 'மெமென்தோ ஹொமோ க்வியா புல்விஸ் எஸ், எத் இன் புல்வெரெம் ரெவெர்த்தேரிஸ்', மனுஷா நீ மண்ணுன்னு நினைவு வை, மண்ணுக்கே திரும்புவ. அந்த 'ரெவெர்த்தேரிஸ்' டெப்போனென்ட், ரெவெர்த்தொர். நடுவுல ஏ நெடில்னா 'திரும்புவ', குறிலா 'ரெவெர்த்தெரிஸ்'னா 'திரும்புற'. அச்சுப் புத்தகத்துல கோடு இருக்காது, ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆதியாகமம் 3:19 வாக்கியம் எதிர்காலம்ங்கிறதால சந்தேகம் இல்ல. இதே வெர்ப் பெர்ஃபெக்ட்ல பெரும்பாலும் ரெவெர்த்தீன்னு ஆக்டிவ் ஆயிடும். அதுக்கு நேர் எதிரா பிரசென்ட்ல ஆக்டிவ், பெர்ஃபெக்ட்ல மட்டும் பேசிவ் உருவம்னு நாலஞ்சு வெர்ப் இருக்கு, ஔதெயோ (துணியுறேன்) அதுல ஒண்ணு. சட்டையை எப்போ மாத்துறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பழக்கம், மனப்பாடம் பண்றதைத் தவிர வழி இல்ல.

பேர் வெச்சது தப்புன்னேன் இல்லையா. 'பேசிவ் அர்த்தத்தை இறக்கி வெச்சது'ன்னா முன்னாடி அது பேசிவா இருந்திருக்கணும், ஆனா அப்படி இருந்ததில்ல. லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூதாதையான பழைய இந்தோ-ஐரோப்பிய மொழில ஆக்டிவோட கூட மிடில்னு ஒரு வகை, செயல் செய்றவன் மேலயே வந்து படியுறதைக் காட்ட. லத்தீன் பேசிவும் டெப்போனென்டும் அந்த மிடில்ல இருந்து வந்தவை, டெப்போனென்ட் பழைய வேலையிலயே தங்கிடுச்சு, இதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள பெரிய சண்டை இல்ல. அந்த விகுதில இருக்கிற ர் எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா அங்க சண்டை உண்டு, நான் தலையை விட மாட்டேன். சமஸ்கிருதத்துல இந்த மிடிலுக்குப் பேரு ஆத்மநேபதம், 'தனக்கான சொல்'. மொரித்துருக்கு அங்க உடன்பிறப்பு 'ம்ரியதே', சாகுறான், அதுவும் ஆத்மநேபதம். ஆனா லிட் லகாரத்துல (ஒரு வகை இறந்தகாலம்) 'மமார'ன்னு பரஸ்மைபதத்துக்கு, அதாவது ஆக்டிவுக்குத் தாவிடும், எங்கெங்க ஆத்மநேபதம்னு பாணினி தனி சூத்திரமே போட வேண்டியதாயிடுச்சு. அந்த வேர்ல இருந்து தமிழுக்கு வந்து சேர்ந்ததுதான் மரணம், மிருத்யு, அமிர்தம் எல்லாம். அமிர்தம்னா சாவு இல்லாதது. ஆக 'மொரீ' உங்களுக்குப் புதுசு மாதிரி தெரிஞ்சாலும் தூரத்துச் சொந்தம்தான்.

டாட்டூ குத்துறவர்கிட்ட எழுதிக் கொடுக்கும்போது நெடில் கோடெல்லாம் போட வேண்டாம், ரோமர்களும் பெரும்பாலும் நெடிலுக்குக் குறி போட்டதில்ல, இந்தக் கோடு நம்ம பாடப் புத்தகப் பழக்கம். ஒருத்தருக்கு சொல்றதா இருந்தா மெமென்தோ. பலபேரைப் பாத்து சொல்றதா இருந்தா மெமென்தோத்தெ. உங்க கை, உங்களுக்கு சொல்லிக்கிறது, மெமென்தோவே போதும்.